சோழகம் மூழ்கிய விதம்

8 ஜனவரி 2019, செவ்வாய்

வெறும் வயிற்றில் சர்க்கரை 186. மனைவி பிலோமினா பாகற்காய்ச் சாறு கொடுத்தாள். குடித்துவிட்டு இரண்டு முறை பல் விளக்கினேன். கசப்பு போகவில்லை.

படகுக் கழகத்திலிருந்து கடிதம். செயலாளர் வக்கீல் ஆத்தியப்பன் எழுதியிருக்கிறார். மார்ச் மூன்றாம் தேதி கழகத்தின் பொன்விழா. ‘தங்கள் கைகளால் உருவான நான்கு பந்தயப் படகுகளின் இன்றைய நிலையைப் படத்துடன் விழா மலரில் வெளியிட விரும்புகிறோம். அவற்றில் ஒன்றாவது அன்று நடக்கும் பழம்படகுப் பந்தயத்தில் ஓட வேண்டும். மேடையில் தங்களுக்குப் பொன்னாடை.’ ஒரு பக்கக் கடிதத்தில் ஒன்பது எழுத்துப் பிழை. ஒன்று என் பெயரில். கஸ்பார் மிராண்டா என்று எழுதத் தெரியாதவர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள்.

இருந்தாலும் போகத்தான் போகிறேன். முப்பத்து மூன்று வருடம் அரசாங்க வேலையில் வரைவாளனாக இருந்து, சாயங்காலங்களில் வீட்டுக் கொட்டகையில் கட்டியவை அவை. பதிமூன்றடி நீளம், இருவர் ஓட்டும் படகு. வாடை 1986, கொண்டல் 1990, கச்சான் 1993, சோழகம் 1997. நான்குக்கும் காற்றுகளின் பெயர். ஒரு தச்சனைக்கூடக் கிட்டே விட்டதில்லை. புதிதாக ஒன்று கட்டும்போது பழையதைக் கொடுத்துவிடுவேன்.

சோழகத்தைத் தேட வேண்டியதில்லை. 1999-ல் மூழ்கிவிட்டது. மற்ற மூன்றையும் பார்த்தால் போதும்.

12 ஜனவரி, சனி

வாடை அகப்பட்டது. திருச்செந்தூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில்.

நடுவில் ரம்பம் போட்டு அறுத்து, முன்பாதியை மட்டும் மேசைமேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். வெளியே ரோஸ் பெயின்ட். உள்ளே வெள்ளித்தாள். அதில் ஐஸைக் கொட்டி, ஐஸ்மேல் வெட்டிய தர்பூசணி, அன்னாசி, திராட்சை. இன்று ஏதோ வரவேற்பு. பட்டு வேட்டிக்காரர் ஒருவர் திராட்சைக் கொட்டையை என் படகுக்குள்ளேயே துப்பினார். பக்கத்தில் நின்ற அம்மாள் அதே இடத்தில் முள்கரண்டியை விட்டு அன்னாசித் துண்டை எடுத்தாள்.

மேனேஜரிடம், “பின்பாதி எங்க?” என்றேன்.

“அதுவா ஸார், பின்னால பாத்திரம் கழுவுற எடத்துல தொட்டியா கெடக்கு. நல்ல உறுதியான சாமான். வேணும்னா போட்டோ எடுத்துக்கோங்க.”

பார்த்தேன். ரசமும் எச்சில் சோறும் மிதந்த தண்ணீரில் கைப்பிடி அளவு முருங்கைச் சக்கை. நான்கு மாதம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பலகை அது. ஓரத்தில் என் விரல் அளவுக்குக் கொழுப்பு படிந்திருந்தது.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வாந்தி வராமல் வெளியே வந்ததே பெரிய காரியம்.

13 ஜனவரி, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மதியம் ரசத்தை ஒதுக்கிவிட்டேன்.

19 ஜனவரி, சனி

கொண்டலை வாங்கியவர் ஒரு டாக்டர். அவர் ஊரைவிட்டுப் போகும்போது உப்பளக்காரர் தவசிமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பஸ்ஸில் இறங்கி உப்பு வரப்பில் ஒரு மைல் நடந்தேன்.

கொண்டலில் வாத்து நீந்துகிறது.

உவமை இல்லை. படகைத் தரையில் பாதி புதைத்து, வாய் வரை தண்ணீர் விட்டு, பதினோரு வாத்துகள். தண்ணீர் பச்சையாக, கூழ்போல. விளிம்பில் எச்சம் காய்ந்து சுண்ணாம்பு அப்பினதுபோல இருந்தது.

“முப்பது வருசம் ஆவப்போவுது அண்ணாச்சி, ஒரு சொட்டு ஒழுகல பாத்துக்கிடுங்க,” என்றார் தவசிமுத்து. நிஜமாகவே பெருமைப்பட்டார். “சிமென்ட் தொட்டி கட்டுனேன், ரெண்டே வருசத்துல விரிசல் உட்டுட்டு. இது நின்னுட்டு. கட்டுனவன் கைகாரன்தான்.”

கட்டினவன் நான்தான் என்று சொல்லவில்லை. சட்டைக் கையை மடக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கூழுக்குள் கையை விட்டு அடி மூட்டைத் தடவிப் பார்த்தேன். பலகையும் பலகையும் சேர்ந்த இடம் நகத்துக்குக்கூட அகப்படவில்லை.

ஊர் வந்து மூன்று முறை சோப்புப் போட்டேன். இதை எழுதும் கையில் இன்னும் வாத்து நாற்றம்.

22 ஜனவரி, செவ்வாய்

ஆத்தியப்பனுக்குப் போன் செய்து இரண்டு படகும் அழிந்துவிட்டன என்று சொன்னேன். “ஒண்ணாவது ஓடலன்னா உங்கள மேடையில ஏத்துறது எப்படி ஸார்?” என்கிறார். ஆள் இருந்தால் போதாதாம். கச்சான்தான் மிச்சம்.

28 ஜனவரி, திங்கள்

தனிஸ்லாஸ் என்பவன் ஃபைபர் படகு செய்கிறான். நாற்பத்தைந்து வயதிருக்கும். பழைய துறைமுகத்துக்குப் பின்னால் பட்டறை. உள்ளே நுழைந்ததும் அந்த ரசாயன வாடை தொண்டையில் ஒட்டிக்கொண்டது. கச்சான் அங்கே கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் மெழுகு பூசி, அச்சாக வைத்து, அதே வடிவத்தில் ஃபைபரில் நகல் எடுத்திருக்கிறான். வெளியே வெயிலில் ஆறு நகல்கள். ஒவ்வொன்றிலும் அவன் பெயர்.

“என் வடிவத்தைத் திருடியிருக்க,” என்றேன்.

அவன் கோபப்படவில்லை. “வடிவம் உங்களுதா ஸார்? பிளான் இங்கிலாந்துலேர்ந்து தபால்ல வந்ததுன்னு ஊருக்கே தெரியுமே.”

“பிளான் வந்துச்சு. கட்டுனது யாரு? நீ செய்றது ஏமாத்து. ரெண்டு பக்கமும் பெயின்ட் அடிச்சிருவே. உள்ள என்ன குப்பை இருக்குன்னு வாங்குறவனுக்கு எப்படித் தெரியும்?”

கையிலிருந்த பிரஷை டப்பாவில் வைத்தான். உதவிக்கு நின்ற ஆளை டீ வாங்க அனுப்பிவிட்டு அப்புறம்தான் பேசினான்.

“ஸார், சோழகத்தைப் பிரிச்சவன் நான்தான். ரெண்டாயிரத்து மூணுல. செலஸ்டீனா டீச்சர் கொண்டாந்து போட்டாங்க. காத்துப் பெட்டியில நீங்க வச்சிருந்த பலகைய என் கையாலதான் பேத்தேன். டீச்சரத் தவிர யார்ட்டயும் மூச்சு விடல. இன்னைக்கு நீங்களாப் பேசுனதால சொல்லுதேன்.”

காற்றுப் பெட்டி என்பது படகின் இரு பக்கமும் அடைத்துக் கட்டிய வெற்றுப் பெட்டி. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பது அதனால்தான். அதைப் பற்றி எனக்கு அவன் பாடம் எடுக்கிறான். நாள் முழுக்க அந்தப் புகையை இழுத்து மூளை கெட்டுப்போயிருக்கும். டீ வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

29 ஜனவரி, செவ்வாய்

ஆத்தியப்பன் காலையிலேயே கூப்பிட்டார். குரலில் தேன்.

“சோழகம் ஓடுதாமே ஸார்! தனிஸ்லாஸ் சொன்னான். நீங்க என்னடான்னா மூழ்கிட்டுன்னு மலருக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“மூழ்குனது நிஜந்தானே. ஆள் செத்த படகு அது. அதைப்போய்...”

“இருபது வருசம் ஆச்சு, யாருக்கு ஞாபகம்? ஃபைலப் புரட்டிப் பாத்தேன். உங்க அறிக்கை அப்படியே இருக்கு. இஞ்ஞாசி குடிச்சிட்டுத் தனியாப் போயிருக்கான், பெட்டியோட அடைப்பான மூடல, படகு மேல ஒரு குத்தமும் இல்ல. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் என்ன? அந்த டீச்சர நீங்களே போயி கூப்பிடுங்க, அதுதான் மரியாதை.”

அப்படித்தான் எழுதினேன். கசிந்த தண்ணீரை வடிக்கக் காற்றுப் பெட்டியின் பின்பக்கம் ஒரு துளை உண்டு. திருகி மூடும் பித்தளை அடைப்பான். அது திறந்திருந்தால், கவிழ்ந்ததும் பெட்டிக்குள் தண்ணீர் ஏறும். படகு அமிழும். படகைப் பற்றித் தெரிந்தவன் கழகத்தில் நான் ஒருவன். அதனால், மறுநாள் கரைக்கு இழுத்து வந்த படகைப் பார்த்து அறிக்கை எழுத என்னைச் சொன்னார்கள்.

இஞ்ஞாசி ரொட்ரிகோ ஒன்பது வருடம் என் படகில் முன்னால் உட்கார்ந்து பாயை இழுத்தவன். செலஸ்டீனா அவன் மனைவி.

2 பிப்ரவரி, சனி

சாக்கடை அடைத்துக்கொண்டது. குளியலறை முழுக்கக் கறுப்புத் தண்ணீர். மூங்கிலை விட்டுக் குத்தினேன். முடியும் பிசுக்கும் சேர்ந்து எலி அளவுக்கு ஒரு உருண்டை வந்தது. அதை எடுத்துப்போட்ட பிறகும் ஓடவில்லை.

பிலோமினா கதவருகே நின்று, “செலஸ்டீனாவப் பாக்க எப்பப் போறீங்க?” என்றாள்.

“இது முடியட்டும்.”

“இது இன்னைக்கு முடிஞ்சிரும்,” என்றாள்.

9 பிப்ரவரி, சனி

போனேன்.

கடற்கரைத் தெருவில் அதே வீடு. செலஸ்டீனாவுக்கு ஐம்பத்தெட்டு. விளையாட்டு டீச்சராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றிருக்கிறாள். வாசலில் தள்ளுவண்டிமேல் சோழகம். நீல வர்ணம். கயிறெல்லாம் புதுசு. நேற்றுகூடத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. அடியில் ஈரம்.

“நீங்களா ஓட்டுறீய?” என்றேன்.

“நாந்தான். நாப்பத்தி ரெண்டு வயசுல பழகினேன். கடலப் பாத்து மொகத்தத் திருப்பிக்கிட்டே எத்தன வருசம் இந்தத் தெருவுல குடியிருக்க? உள்ள வாங்க.”

டீ கொடுத்தாள். மேலே ஆடை மிதந்தது. ஆடை மிதந்தால் எனக்குக் குமட்டும். குடித்தேன்.

பொன்விழாவைச் சொன்னேன், பந்தயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே எழுந்து போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தாள். பலகைத் துண்டுகள். ஒட்டு விட்டு, தாள் தாளாகப் பிரிந்து, நனைந்து காய்ந்த புத்தகம்போல. ஒரு பக்கம் என் வெள்ளைப் பெயின்ட்.

“இது என்ன பலகை, கஸ்பார் அண்ணே?”

என்ன பலகை என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதிவிடுகிறேன். 1997, போட்டிக்கு ஆறு நாள் இருந்தது. இடது பக்கக் காற்றுப் பெட்டியின் சுவர் மட்டும் பாக்கி. தண்ணீருக்குத் தாங்கும் பலகையும் தீர்ந்துவிட்டது, தண்ணீரில் விடாத சிவப்புப் பசையும் தீர்ந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வர பத்து நாள் ஆகும். தெருமுனைக் கடையில் அலமாரிக்குப் போடும் பலகை இருந்தது. மேசை நாற்காலிக்கு ஒட்டும் வெள்ளைப் பசை இருந்தது. ஒட்டி, இரண்டு பூச்சு பெயின்ட் அடித்தேன். போட்டிக்குக் கொடுக்கும் அளவுப் படிவத்தில் ‘முழுதும் கடல்தரப் பலகை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்டி முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கோப்பை ஜெயித்தோம். பெட்டியைப் பிரித்தால் நான்கு பேர் பார்ப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள். மறு வருடம் இஞ்ஞாசி படகைத் தனக்குக் கேட்டான். கொடுத்தேன். சொல்லவில்லை.

1999 ஜூன். தனியாகப் பழகப் போனவன், துறைமுகத்துக்கு எதிரே உள்ள தீவைத் தாண்டிக் காற்றில் கவிழ்ந்திருக்கிறான். படகைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஆள் பிழைத்திருப்பான். பிடித்துக்கொள்ளப் படகு மிதக்கவில்லை.

இவ்வளவுதான். எழுதிவிட்டேன்.

செலஸ்டீனாவிடம் இதில் ஒரு வரியும் சொல்லவில்லை. “பழைய பலகை” என்றேன். அவள் துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

“படகு வரும். நான் ஓட்டுதேன், தனிஸ்லாஸ் முன்னால உக்காருவான். நீங்க மேடையில சொல்லணும்.”

“என்ன சொல்லணும்?”

“உங்களுக்குத் தெரியும்.”

“பதினாறு வருசமாத் தெரிஞ்சிருக்கு. நீங்களே ஏன் சொல்லல?”

“சொன்னேன். அப்போ இருந்த செயலாளர்ட்ட இந்தப் பையத் தூக்கிட்டுப் போனேன். படகத் தெரிஞ்சவர் எழுதுன அறிக்கை இருக்கு, நீங்க ஒரு பி.டி. டீச்சர்ன்னாரு.”

11 பிப்ரவரி, திங்கள்

பிலோமினாவிடம் சொன்னேன். பலகை விஷயம் மட்டும்.

டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள். “இஞ்ஞாசியோட உடம்பக் குளிப்பாட்டுறப்ப தண்ணி மோந்து ஊத்துனது நீங்கதானே,” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் தட்டை மட்டும் வைத்துவிட்டு அவள் கோயிலுக்குப் போய்விட்டாள்.

20 பிப்ரவரி, புதன்

சர்க்கரை 240. மலருக்கு என் போட்டோ கேட்டு ஆத்தியப்பன் ஆள் அனுப்பினார். கோப்பையோடு எடுத்த பழைய படம்தான் இருந்தது. படத்தில் என் பக்கத்தில் இஞ்ஞாசி, என் தோளில் கை போட்டபடி. வந்த பையன், “இவர வெட்டிரலாம் ஸார், எடம் பத்தாது,” என்றான். சரி என்றேன்.

3 மார்ச், ஞாயிறு

காற்று நன்றாக இருந்தது. எட்டுப் பழைய படகுகள். செலஸ்டீனா சுக்கானில், தனிஸ்லாஸ் முன்னால். இரண்டாவது மிதவையைச் சுற்றும்போது அவள் உடம்பை வெளியே சாய்த்துப் படகை நிமிர்த்திய விதத்தைப் பார்த்தேன். நான் ஓட்டியதைவிட நன்றாக ஓட்டுகிறாள். இரண்டாவதாக வந்தாள். கரையில் எல்லோரும் மிராண்டா படகு, மிராண்டா படகு என்றார்கள்.

மேடையில் மல்லிகைப்பூ, வியர்வை, ரூம் ஸ்ப்ரே எல்லாம் கலந்த வாடை. பொன்னாடை நைலான். கழுத்தில் அரித்தது. ஆத்தியப்பன் கால்மணி நேரம் என்னைப் புகழ்ந்தார். கைகளே கோயில் என்றார். அப்புறம் மைக்கைக் கொடுத்தார்.

சொன்னேன். “சோழகத்தின் காத்துப் பெட்டியில நான் மட்டமான பலகை போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன். மறைச்சேன். அதனாலதான் அந்தப் படகு 1999-ல மூழ்குச்சு.” மூன்று நாளாகக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்ததால் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கே ஒரு திருப்தி இருந்தது.

ஆத்தியப்பன் மைக்கை வாங்கினார். “பாருங்க, எவ்வளவு பெரிய மனசு! தன் வேலையில இருந்த சின்னக் குறையக்கூட மறைக்காமச் சொல்ற கலைஞன். இந்தத் தன்னடக்கத்துக்கு ஒரு பலத்த கைதட்டல்!”

தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேலே சாக்கடையை ஊற்றினால்கூட இவ்வளவு கூசியிருக்காது. ஆனால் கைகூப்பி வணங்கினேன். அதையும் செய்தேன்.

இறங்கியபோது படிக்கட்டின் கீழே செலஸ்டீனா. உடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“பலகையச் சொன்னீய. குடிச்சிருந்தாருன்னு எழுதினீயளே, அது?”

அதையும் சொல்ல வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஞாபகம் வரவில்லை. மூன்று நாள் கண்ணாடி முன் நின்றும் ஞாபகம் வரவில்லை.

“அவரு வாயில ஒரு சொட்டு பட்டதில்ல. உங்களுக்குத் தெரியாதா? ஒம்பது வருசம் ஒரே படகுல இருந்தீய. எங்க மாமியா ரெண்டாயிரத்து ஆறுல செத்தாங்க. புள்ள குடிச்சிட்டுப் போயி செத்தான்னு சொல்லிச் சொல்லியே செத்தாங்க. பலகை உங்க வெக்கம், சொல்லிட்டீய. இது அவரு பேரு.”

“மைக்கக் கழட்டிட்டாங்க, செலஸ்டீனா. எல்லாரும் சாப்பிடப் போயாச்சு.”

“சாப்பிடுறவங்களுக்குக் காது இருக்கும்லா?”

பந்தலுக்குள் போனேன். இருநூறு பேர் பிரியாணியில் இருந்தார்கள். முதல் மேசையில் குனிந்து, “இஞ்ஞாசி ரொட்ரிகோ குடிச்சிருக்கல. நான் பொய் எழுதினேன்,” என்றேன். எண்ணெய் வழியும் வாயோடு நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். அடுத்த மேசை. “இஞ்ஞாசி குடிச்சிருக்கல. நான் பொய் எழுதினேன்.” “யாரு ஸார் இஞ்ஞாசி?” என்றார் ஒரு இளைஞர். விளக்கினேன். தயிர்ப் பச்சடி வேண்டுமா என்று கேட்டார். அடுத்த மேசை. வாய்கள், வாய்கள், மெல்லும் வாய்கள். கீழே இலைகளும் எலும்பும். சறுக்கி ஒரு முறை முட்டி போட்டு விழுந்தேன். பொன்னாடையில் குழம்பு.

பதினேழு மேசை. கடைசிக்கு முந்தினதில் பழைய மீன்பிடித் தோணிக்காரர் ஒருவர் இருந்தார். சொன்னதும் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். சாப்பாட்டை விட்டு எழுந்தவர் அவர் ஒருவர்தான். என் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போனார்.

6 மார்ச், சாம்பல் புதன்

கோயிலில் சாம்பல் பூசிக்கொண்டேன். சாமியாரின் கட்டைவிரல் ஈரமாக இருந்தது.

ஆத்தியப்பன் போனில் கத்தினார். விழாவைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேனாம். 1997 கோப்பையைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டவே வேண்டாமாம், திருப்பி வாங்கினால் ஏன் வாங்கினோம் என்று பதிவு போட வேண்டியிருக்கும். “எழுத்துல மட்டும் எதுவும் குடுத்துராதீங்க ஸார்.”

ஆகவே எழுத்தில் கொடுக்கப் போகிறேன். பழைய அறிக்கையை வாபஸ் வாங்கி ஒரு கடிதம். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவது பரவாயில்லை.

9 மார்ச், சனி

காலை பத்து மணிக்குச் செலஸ்டீனா வீட்டில் கடிதத்தைக் கொடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்துக்கொண்டு படித்தாள்.

‘கவனக்குறைவால் தரம் குறைந்த பலகை’ என்ற இடத்தில் நிறுத்தினாள்.

“கவனக்குறைவா?”

“தெரிஞ்சே,” என்றேன்.

அடித்துவிட்டு மேலே ‘தெரிந்தே’ என்று எழுதினாள். ‘குடித்திருந்ததாகச் சிலர் கூறியதால்’ என்பதில் ‘சிலர் கூறியதால்’ போயிற்று. கடைசி வரிக்கு வந்தாள். ‘அடைப்பான் மூடப்படாததும் ஒரு காரணம்’ என்று நான் எழுதியிருந்தேன். அதை மட்டும் அடிக்கவில்லை. பேனாவை மூடினாள்.

“இது இருக்கட்டும். இது சரிதான்.”

கடிதத்துக்குக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

“யார்ட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்லுதேன் பாருங்க. அவரு கடலுக்குப் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் படகக் கழுவுனது நான்தான். அடைப்பானக் கழட்டிப் பெட்டித் தண்ணிய வடிய விட்டேன். திரும்ப மூடுனேனான்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் வரல. மூடுன மாதிரியும் இருக்கு, மூடாத மாதிரியும் இருக்கு. நீங்க பலகையில தப்பு பண்ணுனீய. நான் இதுல பண்ணிட்டேன். ரெண்டும் சேந்துதான் அவரக் கொன்னுச்சு. அதனாலதான் ஒங்கள ரொம்ப வைய எனக்கு வாய் வரல.”

பேசாமல் இருந்திருக்கலாம். கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவளுக்கோ வேறு யாருக்கோ தெரிய வழியே இல்லை. இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றேன் என்பதையும் எழுத வேண்டும். வெளியே மீன்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் தெருக்கோடி போகும் வரை நின்றேன்.

“மூடித்தான் இருந்துச்சு,” என்றேன்.

“என்ன?”

“அடைப்பான் மூடித்தான் இருந்துச்சு. மறுநாள் படகக் கட்டி இழுத்துக் கரையில போட்டாங்க. போட்டுட்டு டீ குடிக்கப் போனாங்க. நான் மட்டும் இருந்தேன். குனிஞ்சு பாத்தேன், பெட்டிச் சுவரு உரிஞ்சு தொங்குது. அதத் தள்ளி உள்ள சொருகினேன். அப்புறம் அடைப்பானத் திருகிக் கழட்டிச் சட்டப் பையில போட்டுக்கிட்டேன். துறைமுகப் பாலத்துலேர்ந்து கடல்ல எறிஞ்சேன்.”

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாள்.

“இறுக்கமா இருந்துச்சா?”

“ஆமா.”

“எவ்வளவு இறுக்கமா?”

“கையால வரல. குறடு போட்டுத்தான் கழட்டினேன்.”

தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் குறடு வச்சு ஒரு திருகு கூடத் திருகுவேன்,” என்றாள். “அவரு சிரிப்பாரு. என் கைதான் அது. நான் மூடியிருக்கேன்.” பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வாளியில் தண்ணீர் மோந்து ஊற்றும் சத்தம். வெகுநேரம் ஊற்றினாள்.

திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் கொண்டுவந்த கடிதத்தை நாலாகக் கிழித்தாள். பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“எழுதுங்க. குறட எழுதுங்க. பாலத்த எழுதுங்க.”

நின்றுகொண்டே எழுதினேன். அவள் பக்கத்தில் நிற்கவில்லை, எட்டத்தில் சுவரோரமாக, நாற்றம் பிடித்த எதையோ பார்ப்பவள்போல நின்றாள். கையெழுத்துப் போட்டேன். தேதி போடச் சொன்னாள். போட்டேன்.

“நாளைக்கு நானே கொண்டுபோயிக் குடுக்கேன். கோயில்லயும் வாசிக்கக் கேப்பேன். நீங்க வரக் கூடாது. இந்தத் தெருவுக்கும் இனி வரக் கூடாது.”

சரி என்றேன். கதவு வரைக்கும் போனதும் கூப்பிட்டாள். திரும்பினேன். இருபது வருடம் குறைந்ததுபோல ஒரு முகம். அந்த முகத்தை எனக்குக் காட்டப் பிடிக்காமல் உடனே திருப்பிக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல, போங்க.”

வரும் வழியில் பசித்தது. கடையில் உட்கார்ந்து இரண்டு பரோட்டா கேட்டேன். தவக்காலம், சர்க்கரை, எதுவும் நினைவில் இல்லை. ருசியாக இருந்தது. மூன்றாவதும் கேட்டேன். இத்தனை நாளில் நான் குமட்டாமல் சாப்பிட்டது இன்றுதான். அதை நினைத்ததும் பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

வீட்டில் பிலோமினா, “எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?” என்றாள்.

“சொல்லிட்டேன்.”

“என்கிட்ட?”

உட்கார வைத்து அவளிடமும் சொன்னேன், குறடு வரைக்கும்.